நெல்லித்தோப்பு ஜெயமும் தகரக்கூரைக்காரர்களும்

புதுச்சேரியில் நான் டைம் கீப்பராக இருந்த மில்லில் ஆயிரத்துச் சொச்சம் பேர் வேலை பார்த்தார்கள். காலையில் ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்று ஆளுக்கொரு நம்பர் சொல்லுவார்கள். நான் குனிந்தபடியே டோக்கனை எடுத்து நீட்டுவேன். 1972-இல் ஒரு நாள் பெண்கள் வரிசையிலிருந்து "நானூத்திப் பன்னெண்டு" என்று ஒரு ஆண் குரல் கேட்டது. எவன் பெண்கள் வரிசையில் புகுந்தவன் என்று கோபத்தோடு நிமிர்ந்தேன். படிய வாரிய தலையும் பச்சைப் புடவையுமாக இருபது வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள்.

"என் கொரலே இப்படித்தான் சார். டோக்கனக் குடுங்க, சங்கு ஊதிடும்" என்றாள்.

அவள்தான் ஜெயம். நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் வீடு. அப்பா கோவிந்தராசு அதே மில்லில் தறி ஓட்டியவர். அவர் இறந்த பிறகு இவளை ரீலிங் பகுதியில் எடுத்துக்கொண்டார்கள். நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றும் வேலை. அந்தக் கூடத்தில் மிஷின் சத்தத்துக்கு நடுவே பக்கத்தில் நிற்பவளிடம் பேசுவதென்றாலும் காதருகே போய்க் கத்த வேண்டும். ஆனால் ஜெயம் பாடினால் மட்டும் கடைசி மிஷின் வரைக்கும் கேட்கும். மற்றப் பெண்களின் மெல்லிய குரல்கள் இரைச்சலில் கரைந்துபோகும். இவள் குரல் இரைச்சலுக்கு அடியில் புகுந்து எல்லாரிடமும் போய்ச் சேரும். மத்தியான ஷிப்டில் தூக்கம் சொக்கும்போது, "ஏ ஜெயம், எடுத்து விடு" என்பார்கள். அவளும் எடுத்து விடுவாள். மேஸ்திரி பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார். அவள் பாடுகிற நேரத்தில் நூல் அறுந்து நிற்கிற மிஷின்கள் குறைவு என்பதை அவரும் கவனித்திருந்தார்.

மில்லில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. நடத்தியவர் ஆபீஸ் எழுத்தர் கிருஷ்ணசாமி. பிரெஞ்சுக்காரர் காலத்தில் படித்தவர். பிரெஞ்சு பேசுவார், அக்கார்டியன் வாசிப்பார், வெயில் காலத்திலும் கோட்டு போடுவார். எல்லாருக்கும் அவர் 'முசே', அதாவது பிரெஞ்சில் ஐயா. குழுவில் கிடார் வாசித்தவன் இராமதாஸ். மில் பட்டறையில் பிட்டர். அந்தக் காலத்தில் இசைத்தட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே பாடுவதுதான் மெல்லிசைக் குழுக்களின் பெருமை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மேடையில் நிற்பது உள்ளூர் ஆள் என்றே தெரியக் கூடாது.

1974-இல் குழுவுக்குப் பாடகி தேவை என்று நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட்டார்கள். ஜெயம் போனாள். இரண்டு அடி பாடுவதற்குள் கிருஷ்ணசாமி கையைத் தூக்கி நிறுத்தினார்.

"கொரல் கட்டையா இருக்குதும்மா. ரெக்கார்டுல பாடற பொம்பளைங்க ஆறு கட்டையில பாடறாங்க. நீ ஒன்னர கட்டையில நிக்கிற" என்றார். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வது பாட்டுக்காரர்கள் வழக்கம். எண் ஏற ஏறக் குரல் மேலே போகும்.

"அப்படின்னா ஆம்பளப் பாட்டு பாடறேன் முசே."

"அதுக்குத்தான் ஆம்பளைங்க இருக்காங்களே. மேடையில ஏறி நீ வாயத் தொறந்தா ஜனங்க சிரிப்பாங்கம்மா. எனக்காகச் சொல்லல, உனக்காகத்தான் சொல்றேன்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அது அவளுக்கு அதிகமாக வலித்தது. வீட்டுக்குப் போனால் அம்மா வீராயி, "நல்லதாப் போச்சு. மேடையில ஆடறவ பாடறவள எவன் கட்டிக்குவான்?" என்றாள். ஜெயம் ஒரு மாதம் ரீலிங் கூடத்தில் வாயைத் திறக்கவில்லை. அந்த மாதம் மேஸ்திரி எல்லார் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

மூன்று வருடம் கழித்து, 1977 கடைசியில், ஊருக்குள் ஒரு பழைய வேனை லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். வேனுக்குள் நாலு வெள்ளைக்காரர்கள், இரண்டு கிடார், ஒரு மூட்டை அழுக்குத் துணி. ஆஸ்திரேலியாக்காரர்கள். 'டின் ரூஃப்' என்று பெயர் வைத்துக்கொண்டு ராக் பாட்டு பாடிய குழு. சொந்த ஊரில் இரண்டு மூன்று பாட்டுகள் பிரமாதமாக ஓடி, அதை நம்பி லண்டன் போய், அங்கே ஒருவரும் சீந்தாமல், வீட்டுக்குத் தரை வழியாகவே திரும்பிவிடுவோம் என்று கிளம்பியவர்கள். சென்னையிலிருந்து பினாங்குக்குக் கப்பல் ஏற வேண்டியவர்கள் புதுச்சேரியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்த வழியில், திண்டிவனத்துக்கு இந்தப் பக்கம் இஞ்சின் உடைந்துவிட்டது. உடைந்த சாமானுக்கு மாற்று எங்கும் கிடைக்கவில்லை. யாரோ கைகாட்டி அவர்கள் இராமதாஸிடம் வந்தார்கள். அவன் அதைக் கடைசல் மிஷினில் புதிதாகவே செய்து தருகிறேன் என்றான். அதற்குப் பத்து நாள் கேட்டான்.

அந்தப் பத்து நாளில் அவர்கள் ஊருக்கு வேடிக்கைப் பொருள் ஆனார்கள். குழுவின் பாடகர் ரெக்ஸ், செம்பட்டைத் தாடி, ஆறடி உயரம். கேன்டீனில் எல்லாரும் அவரைச் சுற்றி நின்று கிரிக்கெட் பற்றிக் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தை விட்டபின் மட்டையைத் தொட்டதில்லை என்றார் அவர். "அப்போ இவன் ஆஸ்திரேலியாவே இல்ல" என்று கேன்டீன் முடிவு கட்டியது. குழுவின் பெயருக்கு இராமதாஸ் அர்த்தம் சொன்னதிலிருந்து ஊரில் அவர்கள் தகரக்கூரைக்காரர்கள்தான்.

அந்த நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் பெரிய புயல் அடித்திருந்தது. நிவாரணத்துக்காக மில் சங்கம் கடற்கரையில் ஒரு நிகழ்ச்சி வைத்தது. இராமதாஸ் கேட்டதும் ஆஸ்திரேலியாக்காரர்களும் சில பாட்டுகள் பாட ஒப்புக்கொண்டார்கள். ஒத்திகை சங்கக் கட்டடத்தில் நடந்தது. விநியோகிக்க வேண்டிய நோட்டீஸ் கட்டை வாங்கிப் போக ரீலிங் பெண்கள் சார்பில் ஜெயம் வந்து வாசலில் நின்றாள். நானும் அங்கேதான் நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர்களுடைய புகழ்பெற்ற பாட்டு ஒன்று இருந்தது. தகரக் கூரை போட்ட வீட்டில் தனியாக இருக்கிற ஒருவன், மழை கூரையைத் தட்டும்போதெல்லாம் யாரோ வந்துவிட்டார்கள் என்று எழுந்து போய்ப் பார்க்கிறான். ஒவ்வொரு அடி முடிந்ததும் கீழே இருந்து ஒரு தடித்த குரல், 'யாருமில்லை, மழைதான்' என்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைப் பாடிவந்தவர் லண்டனிலேயே தங்கிவிட்டார். கிருஷ்ணசாமியின் பாடகர்கள் இருவரும் முயன்றார்கள். குரல் கீழே போனாலும் தாளம் பிடிபடவில்லை. தட்டு விழுந்து அரை நொடி கழித்துத் தொடங்க வேண்டிய இடத்தில் அவர்கள் தட்டோடேயே தொடங்கினார்கள்.

நாலாவது முறை ரெக்ஸ் அந்த அடியை முடித்ததும், வாசலிலிருந்து பதில் வந்தது. வார்த்தை கிடையாது, வெறும் முனகல்தான். ஆனால் விழ வேண்டிய இடத்தில் சரியாக விழுந்தது. பிறகு நான் கேட்டதற்கு, "ரீலிங் மிஷின் ஓடற மாதிரியேதான் சார் அந்தத் தாளம். தடக்னு ஒன்னு, கொஞ்சம் பொறுத்து இன்னொன்னு. அஞ்சு வருசமா அதுலதான பாடிக்கினு இருக்கேன்" என்றாள்.

ரெக்ஸ் கிடாரை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார். வாசலில் நோட்டீஸ் கட்டோடு ஒரு பெண்தான் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். கிருஷ்ணசாமி பதறிப்போய், அவள் மில் பெண், குரல் கட்டை, தெரியாமல் பாடிவிட்டாள் என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டார். ரெக்ஸுக்குப் பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. அவர் ஜெயத்தைக் கை காட்டி உள்ளே அழைத்தார்.

"வா, பாடச் சொல்றாரு" என்றான் இராமதாஸ்.

"இங்கிலீசு தெரியாதே."

இராமதாஸ் பாட்டின் அர்த்தத்தைச் சொன்னான். ஜெயம் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "இவுங்க ஊர்லயும் தகரம்தானா? எங்க வூட்லயும் மழ பேஞ்சா இதே கததான்" என்றாள். நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தில் அதைத் தமிழில் பென்சிலால் எழுதிக்கொண்டாள். கடைசி அடிகளை இப்படிப் பாடினாள்:

*தகரத்து மேல யாரோ தட்டுறாங்க,*
*தாப்பாளத் தொறந்து போய்ப் பாக்குறேன்,*
*யாருமில்ல… மழதான்.*

புயல் நிவாரணக் கூட்டத்தில் அந்தப் பாட்டைக் கேட்ட ஜனங்கள் சிரிக்கவில்லை. கடற்கரை முழுக்க, 'மழதான்' வருகிற இடத்துக்காகக் காத்திருந்து, அவளோடு சேர்ந்து சொன்னார்கள். இரண்டாம் முறை பாட வைத்தார்கள். பாட்டு முடிந்து ஜெயம் கீழே இறங்கி வந்தாள். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. "சார், என் கொரல மைக்குல நானே கேட்டேன். நல்லாத்தான் இருக்குது" என்றாள் என்னிடம்.

வேன் சரியாகி ஆஸ்திரேலியாக்காரர்கள் போய்விட்டார்கள். கிருஷ்ணசாமி ஜெயத்தைக் குழுவில் சேர்த்துக்கொண்டார், ஆனால் அந்த ஒரு பாட்டுக்கு மட்டும். கல்யாண வீடோ கோயில் திருவிழாவோ, நிகழ்ச்சி மூன்று மணி நேரம் நடக்கும். அவள் மேடை ஓரத்தில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். கூட்டத்திலிருந்து யாராவது 'மழைப்பாட்டு' என்று கத்தினால் எழுந்து வந்து பாடிவிட்டு மறுபடியும் போய் உட்காருவாள். இரண்டு வருடம் இப்படி ஓடியது. அந்த இரண்டு வருடமும் இராமதாஸ் அவள் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்று கிடார் வாசித்தான். 1979-இல் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. மேடையில் பாடுகிறவளை எவன் கட்டிக்குவான் என்று கேட்ட வீராயி, மேடையிலேயே மாப்பிள்ளை கிடைத்ததில் பெருமைப்பட்டுத் தெருவுக்கே பாயசம் கொடுத்தாள்.

பிறகு கைக்குழந்தை வந்தது. கேசட்டும் வந்தது. கல்யாண வீடுகளில் பாட்டுக் குழுவுக்குப் பதில் டேப் ரெக்கார்டரைப் பெரிய ஸ்பீக்கரில் மாட்டிவிட்டார்கள். குழு கலைந்தது. 1983-இல் மில்லில் கதவடைப்பு.

கதவடைப்பு நாட்களில் தினமும் காலை பத்து மணிக்கு மில் வாசலில் கூட்டம் நடக்கும். ஒரு நாள் பேச வேண்டிய தலைவர் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஜனங்கள் கலையத் தொடங்கினார்கள். கலைந்தால் மறுநாள் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ரீலிங் பெண்களில் ஒருத்தி, "ஏ ஜெயம், எடுத்து விடு" என்றாள்.

மைக் கிடையாது. ஜெயம் இடுப்பிலிருந்த குழந்தையை இராமதாஸிடம் கொடுத்துவிட்டு ஒரு பழைய பாட்டை எடுத்தாள். நாடகக் காலத்து ஆண் பாடகர்கள் உச்சத்தில் நின்று பாடிப் பேர் வாங்கிய பாட்டு. அதை அவள் தன் சுருதிக்கு இறக்கி, வேகத்தைப் பாதியாக்கிப் பாடினாள். அதுவரை அந்தப் பாட்டில் எல்லாரும் கேட்டது பாடகரின் மூச்சு பலத்தை. இப்போதுதான் வார்த்தை கேட்டது. பிரிந்துபோன ஒருவனைப் பற்றிய பாட்டு அது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. போகத் திரும்பியவர்கள் நின்றார்கள். முடிந்ததும் கைதட்டல் இல்லை. "இன்னொன்னு பாடும்மா" என்று கிழக்குப் பக்கமிருந்து ஒரு தறிக்காரர் கேட்டார்.

அதற்குப் பிறகு தினமும் பாடினாள். நாற்பத்திரண்டு நாள். ஜனங்களுக்கு நன்றாகத் தெரிந்த பழைய பாட்டுகளாக எடுத்து, ஒவ்வொன்றையும் புதிதாக்கிக் கொடுத்தாள். ஒரு நாள் பாட்டு முடிந்ததும் கிருஷ்ணசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

"ரெண்டு வருசம் உன்ன நாற்காலியில உக்கார வெச்சிருந்தேன்" என்றார். "அந்த ரெண்டு வருசத்த நான் எப்படிம்மா திருப்பிக் குடுக்கிறது?"

"நாளைக்கு அக்கார்டியன எடுத்துக்கினு வாங்க முசே" என்றாள் ஜெயம். மறுநாள் அவர் கொண்டுவந்தார்.

மில் திறந்தபோது பாதிப் பேருக்குத்தான் வேலை இருந்தது. ரீலிங் பகுதியை எடுத்துவிட்டார்கள். நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன். இராமதாஸுக்கும் ஜெயத்துக்கும் ஊருக்கு வெளியே இருக்கிற மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேறு வேறு கம்பெனிகளில் வேலை கிடைத்தது. அவளுக்கு சோப்புத்தூள் பாக்கெட் போடும் வேலை. தூள் நெஞ்சில் இறங்காமலிருக்க வாயில் துணி கட்டிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். அங்கே பாட முடியாது. நடுநடுவே தெருவில் பார்த்தால், "பாடுறியாம்மா?" என்று கேட்பேன். "வாயே கட்டியிருக்குது சார்" என்று சிரிப்பாள்.

1987 பிப்ரவரியில் நெல்லித்தோப்பு மார்க்கெட் சுவரில் ஒரு போஸ்டரைப் பார்த்து நின்றுவிட்டேன். 'டின் ரூஃப்' குழு பல வருடப் பிரிவுக்குப் பிறகு மறுபடி ஒன்றுசேர்ந்து, தங்கள் பழைய வெற்றிப் பாட்டுகளையும், ராக் இசையின் காலத்தால் அழியாத பழைய பாட்டுகளையும் பாடிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். சென்னையில் ஒரு நாள், புதுச்சேரியில் ஒரு நாள். போஸ்டரின் கீழே பெரிய எழுத்தில், 'புதுச்சேரி மழைப்பாட்டு' என்று போட்டிருந்தது. பாடப் போவது சென்னைப் பாடகி கமலா.

நேரே இராமதாஸ் வீட்டுக்கு நடந்தேன். பிறகு தெரிந்த விஷயம் இதுதான். ரெக்ஸ் இரண்டு தடவை ஜெயத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறார், மில் விலாசத்துக்கு. இரண்டும் திரும்பிப் போயிருக்கின்றன. இரண்டு வருடத்துக்கு முன் அவர்கள் பழைய பாட்டுகளைப் புதிதாகப் பதிவு செய்தபோது மழைப்பாட்டை ஜெயத்தின் தமிழ் அடிகளோடே, ரெக்ஸே பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள். பத்து வருடத்துக்கு முன் ஓடியதைவிட அது இப்போது அதிகமாக ஓடியிருக்கிறது. ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அமைப்பாளர் சொன்னதால் கமலாவை ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ஜெயத்துக்கு முதல் ஷிப்ட். இரண்டு மணிக்கு வேலை முடிந்து, பஸ் பிடித்து, அப்படியே ஒத்திகை நடந்த மண்டபத்துக்கு வந்தாள். புருவத்தில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. நானும் இராமதாஸும் கூடவே போனோம். அமைப்பாளர் வாசலில் தடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் மரியாதையாகத்தான் பேசினார்.

"ரொம்பச் சந்தோஷம்மா. ஆனா புரோகிராம் முடிவாயிடுச்சு. வேணும்னா அவரோட நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

"போட்டோ எடுக்க வரலீங்க" என்றாள் ஜெயம். "அந்த வார்த்த என்னுது. அத எப்படிப் பாடணும்னு சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

அந்தக் குரலைக் கேட்டதும் அமைப்பாளர் ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தார். வழி விட்டார்.

உள்ளே ரெக்ஸ் பாடிக்கொண்டிருந்தார். தாடி நரைத்திருந்தது, வயிறு தள்ளியிருந்தது. கமலாவுக்கு ராகம் காட்டுவதற்காக ஜெயத்தின் தமிழ் அடியைத் தானே பாடினார். "தப்பாளத் தொறந்து போய்ப் பாக்குறேன்…"

"ஐயோ சாமி!" என்று ஜெயம் வாசலிலிருந்தே கூவிவிட்டாள். "தப்பாளு இல்ல, தாப்பாள்! தாப்பாள்! கதவுல போடறது!" கையால் கதவைத் தாழிட்டுத் திறந்து காட்டினாள்.

இராமதாஸ் ஆங்கிலத்தில், இரண்டு வருடமாக உலகமெல்லாம் போய் 'தப்பான ஆளைத் திறந்து பார்க்கிறேன்' என்று பாடிவந்திருக்கிறீர்கள் என்று விளக்கினான். வாத்தியக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ரெக்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு முகம் அடையாளம் தெரிந்திருக்காது. ஜெயம் இப்போது பருத்திருந்தாள், முடியில் நரை ஓடியிருந்தது. ஆனால் குரல் தெரிந்துவிட்டது. மேடையிலிருந்து குதித்து இறங்கி வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கையெல்லாம் சோப்புத்தூள் ஆனது.

ஜெயம் கமலாவுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். கமலா நல்ல பாடகி. அழகான, மேலே போகிற குரல். சிக்கல் என்னவென்றால், வயதானதில் ரெக்ஸின் குரல் கீழே இறங்கியிருந்தது. அதனால் பழைய பாட்டுகள் எல்லாவற்றையுமே இரண்டு கட்டை இறக்கி வைத்திருந்தார்கள். அந்த ஆழத்தில் கமலாவுக்குக் குரல் எட்டவில்லை. மேல் ஸ்தாயியில் பாடிப் பார்த்தாள். இனிமையாக இருந்தது, ஆனால் பாட்டே வேறாகிவிட்டது. தனியாக இருக்கிறவனுக்குத் துணை கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"நீங்க ஒரு தடவ பாடிக் காட்டுங்கக்கா" என்றாள் கமலா.

ஜெயம் பாடினாள். பத்து வருடத்துக்கு முன் அவளே கொஞ்சம் ஏறிப் பாட வேண்டியிருந்த பாட்டு, இப்போது அவள் குரல் இருக்கிற இடத்துக்கே இறங்கி வந்திருந்தது. கடைசியில் 'மழதான்' என்று அவள் விட்டபோது, டிரம்ஸ் அடிக்கிறவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

கமலா கையிலிருந்த காகிதத்தை மடித்தாள். அமைப்பாளரிடம் திரும்பி, "சார், இது அக்கா பாட்டு. நான் பாடினா ஊருக்கே தெரிஞ்சிடும். எனக்கு வேற ரெண்டு பாட்டு இருக்குல்ல, அது போதும்" என்றாள். அந்தப் பெண்ணின் பெருந்தன்மையை ஜெயம் இன்றைக்கும் சொல்லுவாள்.

மறுநாள் மாலை ஆறு மணிக்குக் கடற்கரையில் நிகழ்ச்சி. நெல்லித்தோப்பே வந்திருந்தது. பழைய மில் ஆட்கள் முன்பக்கத்தில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். கிருஷ்ணசாமி அதே கோட்டில் வந்திருந்தார். ஆஸ்திரேலியாக்காரர்கள் தங்கள் பழைய பாட்டுகளைப் பாடினார்கள். ஜனங்கள் மரியாதைக்குக் கைதட்டினார்கள். பிறகு உலகத்துக்கே தெரிந்த பழைய ராக் பாட்டுகளை எடுத்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள். ராணுவத்தில் பிரெஞ்சுக்காரர்களுக்காகச் சண்டை போட்டுவிட்டுப் பென்ஷன் வாங்குகிற கிழவர் ஒருவரும் மணலில் ஆடினார். கமலா பாடினாள். அதற்குப் பிறகு இராமதாஸ் தன் பழைய கிடாரோடு மேடையேறினான். அவன் பின்னால் ஜெயம், பச்சைப் புடவையில்.

முன்வரிசையில் யாரோ ஒருத்தி, "நம்ம ரீலிங் ஜெயம்டி!" என்று கத்தினாள். அந்தச் சத்தம் அடங்க ஒரு நிமிடம் ஆனது.

மழைப்பாட்டை எப்படிப் பாடினாள் என்று நான் எழுதிக் காட்ட முடியாது. ஜனங்கள் வார்த்தையை மறக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன். 'யாருமில்ல' என்று அவள் நிறுத்தியதும், ஆயிரக்கணக்கான பேர் அவளுக்காகப் பொறுத்திருந்து, அவளோடு ஒரே குரலில் 'மழதான்' என்றார்கள். கடல் சத்தம்கூட அப்போது கேட்கவில்லை.

அவள் இறங்கப் போனாள். ரெக்ஸ் விடவில்லை. மைக்கை அவள் கையில் கொடுத்து ஏதோ சொன்னார். "உனக்குப் பிடிச்சதப் பாடச் சொல்றாரு. அவுங்க கூட வாசிக்கிறாங்களாம்" என்றான் இராமதாஸ்.

ஜெயம் கூட்டத்தைப் பார்த்தாள். "முசே, மேல வாங்க" என்று மைக்கிலேயே கூப்பிட்டாள். கிருஷ்ணசாமிக்குக் கைகொடுத்து ஏற்றினார்கள். யாரோ ஓடிப் போய் அவருடைய அக்கார்டியனை எடுத்து வந்தார்கள். மில் வாசலில் முதல் நாள் பாடிய அந்தப் பழைய நாடகப் பாட்டை எடுத்தாள். ஆஸ்திரேலியாக்காரர்களுக்கு அது ஒரு எழுத்தும் தெரியாது. இராமதாஸ் கிடாரில் வழி காட்ட, அவர்கள் கவனமாகத் தொடர்ந்து வந்தார்கள். இரண்டாவது அடியில் அக்கார்டியன் சேர்ந்தது. மூன்றாவது அடிக்கு மேல் யார் உள்ளூர், யார் வெளியூர் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாட்டு முடிந்ததும் ஜனங்கள் எழுந்து நின்றார்கள். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. ரெக்ஸ் மேடை ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, அவரும் கூட்டத்தில் ஒருவராகக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் புகழோடு முடிந்துபோகிற கதைகள் எத்தனையோ உண்டு. இது முடியவில்லை. ஆஸ்திரேலியாக்காரர்கள் போன மறுவாரமே நெல்லித்தோப்பில் ஒரு கல்யாணத்துக்கு ஜெயத்தைக் கேட்டு வந்தார்கள். கேசட் வேண்டாம், நேரில் பாட வேண்டும் என்றார்கள். கிருஷ்ணசாமி அக்கார்டியன், இராமதாஸ் கிடார், பழைய குழுவின் தபேலாக்காரர் என்று நாலே பேரில் குழு தொடங்கியது. போஸ்டரில் 'புதுச்சேரி ஜெயம் மெல்லிசைக் குழு' என்று போட்டார்கள். ஒரு பெண்ணின் பெயரில் குழு நடப்பதை எங்கள் ஊர்ச் சுவர்கள் அதற்கு முன் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. இரண்டே வருடத்தில் கடலூர், விழுப்புரம், காரைக்கால் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். எல்லாரும் கேட்டுக் கேட்டுச் சலித்த பாட்டை ஜெயம் பாடினால் முதல் தடவை கேட்கிற மாதிரி இருக்கிறது என்று பேர் வந்துவிட்டது. ரெக்ஸ் வருடத்துக்கு ஒரு கடிதம் போடுவார். இப்போது அவை ஒழுங்காக வந்து சேர்ந்தன.

1988-இல் வானொலி நிலையத்தில் குரல் தேர்வுக்குப் போனாள். இரண்டு மாதம் கழித்து, தேர்வானதாகக் கடிதம் வந்தது. முதல் ஒலிபரப்பு ஒரு புதன்கிழமை, பகல் பன்னிரண்டரை மணிக்கு. அவள் இன்னும் சோப்புக் கம்பெனி வேலையை விடவில்லை. அன்றைக்கு விடுப்பும் எடுக்கவில்லை. சூப்பர்வைசர் லட்சுமி கண்டிப்புக்குப் பேர்போனவள். வேலை நேரத்தில் பேசினாலே ஒரு சத்தம் போடுவாள். அன்று அவளே வீட்டிலிருந்து டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்து பாக்கெட் மேஜை மேல் வைத்து, மிஷினை நிறுத்தச் சொன்னாள்.

அறிவிப்பாளர் பெயரைச் சொன்னார். அறுபது பெண்கள் வாயில் கட்டிய துணியை அவிழ்த்துவிட்டு ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டார்கள். யாரோ ஜெயத்தை ஒரு மூட்டை மேல் உட்கார வைத்தார்கள். அவள் காதை டிரான்சிஸ்டர் பக்கம் சாய்த்து, அடுத்தவள் பாட்டைக் கேட்கிற மாதிரி, பிழை எங்காவது இருக்கிறதா என்று கவனமாகக் கேட்டாள். முதல் பாட்டு முடிந்ததும் கூடமே அதிர்கிற மாதிரி விசிலும் கைதட்டலும் கிளம்பின.

ஜெயம் கையைத் தூக்கினாள்.

"கத்தாதீங்கடி" என்றாள். "இன்னும் ரெண்டு பாட்டு இருக்குது."